பன்னிரண்டு மணி டோஸ்

வெளிநாட்டிலிருந்து வந்தவர்களின் பெட்டியைத் திறப்பது எங்கள் தெருவில் ஒரு சடங்கு. பேரீச்சம்பழம், சோப்பு, தைலம், கடைசியாக மருந்து. துபாயிலிருந்து வந்த அண்ணி, அதாவது என் கணவரின் அக்கா, குழந்தைகளுக்கான காய்ச்சல் சிரப் இரண்டு பாட்டில் கொண்டுவந்திருந்தார். ஃபிரிட்ஜில் அதற்குக் கிடைத்த மரியாதை வெண்ணெய்க்குக்கூடக் கிடைத்ததில்லை.

மூன்றாம் நாள் என் இரண்டு வயது மகளுக்குக் காய்ச்சல் வந்தது.

டாக்டர் முன்பு எழுதிக்கொடுத்த உள்ளூர் சிரப்பை நிறுத்தவும் பயம். அண்ணி கொண்டுவந்ததை மறுக்கவும் பயம். நான் வேதியியல் பட்டதாரி. காலண்டர் தாளின் பின்புறம் இரண்டு கட்டம் போட்டேன், பயத்துக்கு ஒன்றாக. உள்ளூர் சிரப் காலை ஆறு மணி, பத்து மணி. துபாய் சிரப் எட்டு மணி, பன்னிரண்டு மணி. ஒவ்வொன்றுக்கும் சரியாக நான்கு மணி நேர இடைவெளி. ஒரு நிமிடம் பிசகவில்லை.

பதினொன்றரைக்கு மூக்கும் ஒழுக ஆரம்பித்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு நானும் அண்ணியும் கடைத்தெருவுக்கு ஓடினோம்.

நன்னிலம் கடைத்தெருவில் நாங்கள் போகும் மருந்துக்கடையில், "காய்ச்சல்" என்று சொல்லி முடிப்பதற்குள் மூன்று நிற மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்து "ஒரு செட்" தந்துவிடுவார்கள். கூட்டம் அங்கேதான். பக்கத்துக் கடையில் இருக்கும் மருந்தாளுநர் அம்மா கேள்வி கேட்பார். அதனால் ஊரில் அவருக்கு நல்ல பெயர் இல்லை. செட் கடையில் அன்று நிற்க இடமில்லை என்பதால் மட்டுமே அவரிடம் போனோம்.

"சளி சிரப் ஒண்ணு குடுங்க மேடம்."

"பாப்பாவுக்கு என்ன வயசு? எடை எவ்வளவு? வேற என்ன குடுத்தீங்க?"

"இது மருந்துக் கடையா, கல்யாண புரோக்கர் வீடா?" என்றார் அண்ணி, கடை முழுக்கக் கேட்கும்படி.

நான் பெருமையோடு காலண்டர் தாளை நீட்டினேன். நாலு பேர் பார்க்கட்டும் என்று அண்ணி கையிலேயே கொண்டுவந்திருந்த துபாய் பாட்டிலையும் அந்த அம்மா வாங்கினார். அரபி எழுத்துக்குக் கீழே இருந்த பொடி ஆங்கில எழுத்தில் விரலை வைத்தார்.

"ரெண்டுமே பாராசிட்டமால்தாங்க. கலர்தான் வேற. நாலு மணி நேரத்துக்கு ஒருக்கான்னு நெனச்சு, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா குடுத்திருக்கீங்க. இப்ப கேக்குறீங்களே, அந்த சளி சிரப்லயும் இதேதான் இருக்கு. இந்த வயசுக்கு அது தேவையும் இல்ல."

"அது துபாய் மருந்துங்க," என்றார் அண்ணி.

"எங்கேருந்து வந்தாலும் பாப்பாவுக்குக் கல்லீரல் ஒண்ணுதானேக்கா."

பட்டம் வாங்கிய நான், எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதை நான்கு முறை படித்தேன். என்ன கொடுக்கிறேன் என்பதை ஒரு முறைகூடப் படிக்கவில்லை.

அந்த அம்மா ஒவ்வொரு வேளையும் கொடுத்த அளவைக் கேட்டு என் கட்டத்தின் கீழேயே எழுதினார். "பன்னெண்டு மணி டோஸைக் குடுக்காதீங்க. ரெண்டு மருந்தோட விவரமும் இதுல எழுதியிருக்கேன். நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. பயப்படாதீங்க, ஆனா போகாம இருந்துடாதீங்க." எங்களிடம் அவர் எதையும் விற்கவில்லை.

டாக்டர் குழந்தையை எடை போட்டு, தாளைப் பார்த்துக் கூட்டினார். அளவு தாண்டவில்லை, நல்ல வேளையாக நிறுத்தியாயிற்று. "சாயங்காலம் வரைக்கும் இப்படியே போயிருந்தா..." என்று பாதியில் விட்டார். மீதியை நான் வீடு வரும்வரை பலவிதமாக முடித்துப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

இரண்டு நாளில் மகள் தேறிவிட்டாள். மறுநாளே எதிர்வீட்டு அக்கா வந்தார். அவர் மகனுக்குக் காய்ச்சலாம். துபாய் சிரப் கொஞ்சம் வேண்டுமாம். அண்ணி முகம் மலர்ந்து இரண்டாவது பாட்டிலை எடுக்க எழுந்தார். எப்படித் துணிந்தேனோ, ஃபிரிட்ஜை மறித்துக்கொண்டு நின்றேன்.

"தம்பி எடை எவ்வளவுக்கா? வேற என்ன குடுத்தீங்க?"

"ஏண்டி, நீயும் கேள்வி கேக்குற கடை வச்சிட்டியா?" என்று சிரித்தார் அவர். "ஒண்ணும் பெருசா குடுக்கல." பர்ஸிலிருந்து ஒரு காகித மடிப்பை எடுத்துப் பிரித்தார். மூன்று நிறத்தில், பாதிப் பாதியாக உடைத்த மாத்திரைகள்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டேன். "வாங்கக்கா, அந்தக் கேள்வி கேக்குற கடைக்கே போயிட்டு வந்துடலாம்."