குதிரை ஏறாத கப்பல்

எங்கள் பார்ஃப்ளர் துறைமுகத்தில் அசெலினைத் தெரியாதவர்கள் இல்லை. அவள் கணவன் துர்கிஸ் எங்கள் கோமகனின் படையோடு கடல் கடந்து இங்கிலாந்துக்குப் போய் இரண்டு ஆப்பிள் அறுவடைகள் முடிந்துவிட்டன. போரில் வென்றாயிற்று, அவனுக்கு நிலமும் கிடைத்ததாம். ஆள் மட்டும் திரும்பவில்லை. அவளாலும் அங்கே போக முடியவில்லை. மீனவரான அவள் அப்பா கண்ணெதிரே மூழ்கியதிலிருந்து அவள் கடலில் கால் நனைத்ததே இல்லை.

ஆனாலும் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. விடிந்ததும் துறைக்கு ஓடுவாள். ஏதாவது பாய் தெரிகிறதா என்று பார்த்து நிற்பாள். அதற்குள் அடுப்பில் கஞ்சி தீய்ந்துவிடும். மற்ற நேரமெல்லாம் துர்கிஸ் குட்டியாக விட்டுச்சென்ற குதிரையோடுதான். அதைக் கறுப்பன் என்று அழைத்தாள். அவள் குரலுக்குத் தவிர அது அசையாது.

கடைசியில், படைக்குப் போன கணவன் திரும்பாத பல பெண்கள் செய்ததை அவளும் செய்தாள். ஒரு கப்பல்காரனிடம் சொல்லி அனுப்பினாள்.

"மிக்கேல் திருநாளுக்குள்ள வரலேன்னா வேற ஆளைக் கட்டிக்குவேன்னு சொல்லு."

திருநாளுக்கு நான்கு நாள் முன்பு துர்கிஸ் வந்தான். நேராகத் தொழுவத்துக்குப் போய்க் கறுப்பனின் பல்லைப் பார்த்தான். பிறகுதான் அவளைப் பார்த்தான்.

"என் குதிரை செத்துப்போச்சு. குதிரை இல்லாதவன்கிட்டேர்ந்து எசமான் நிலத்தைப் பிடுங்கிக்குவார்."

"அப்போ நான் கூப்பிட்டதுக்கு வரலையா?"

"அதுக்கும்தான்."

"உனக்குப் பொய் சொல்லக்கூட வரலையே, மனுஷா!"

அவன் காலணியைக் கழற்றாமலே தூங்கினான். அடிக்கடி எழுந்து காற்றைப் பார்த்தான். "நீயும் வந்துடு" என்றான். "கடல்லயா? மாட்டேன்" என்றாள். "அப்ப இனிமே என்னை எதிர்பார்க்காதே" என்றான்.

மூன்றாம் நாள் கப்பல் கிளம்ப ஏற்ற தெற்குக் காற்று எழுந்தது. கப்பலுக்குப் போட்ட பலகையில் கறுப்பன் கால் வைக்க மறுத்தது. நான்கு பேர் இழுத்தார்கள், அடித்தார்கள்.

"என்ன துர்கிஸ், இதுக்கும் உன் பொண்டாட்டி மாதிரி தண்ணின்னா நடுக்கமா?" என்று படகோட்டிகள் சிரித்தார்கள்.

அடுத்த அடி விழுமுன் அசெலின் ஓடிப்போய்க் கயிற்றைப் பிடுங்கினாள். தலைத்துணியை அவிழ்த்துக் குதிரையின் கண்களைக் கட்டினாள். "வாடா கறுப்பா, வா" என்று கூப்பிட்டபடி முன்னே நடந்தாள். பலகை ஆடியது. அவள் கீழே பார்க்காமல் நடந்தாள். குதிரை அவள் பின்னாலேயே ஏறியது.

"போதும், எறங்கு. பாய் ஏத்தப்போறாங்க" என்றான் துர்கிஸ்.

"நான் எறங்கினா இதுவும் எறங்கும்."

"வீடு தெறந்து கெடக்குடி!"

"கெடக்கட்டும்."

கப்பல் துறையை விட்டு நகர்ந்தது. அசெலின் கறுப்பனின் பிடரிமயிரை இறுகப் பற்றிக்கொண்டு நின்றாள். குதிரையின் கண்கட்டை அவள் இன்னும் அவிழ்க்கவில்லை. அவளுடைய கண்களும் மூடியே இருந்தன.