சம்பந்தியின் ஒற்றைக் கண்

முதலில் கவனித்தவர் என் சம்பந்தி மாதப்பன். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

என் பேத்தி தர்ஷினிக்கு அப்போது ஒன்றரை வயது. கம்பைநல்லூரில், அவளுடைய அம்மா வழித் தாத்தா வீட்டில் காது குத்து. செல்போனில் எடுத்த படங்களைக் கைமாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தோம். மாதப்பன் ஒரு படத்தை முகத்தருகே வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"சம்பந்தி, பாப்பாவுக்கு இடது கண்ணுல மட்டும் என்னமோ வெள்ளையா தெரியுதுங்க."

மாதப்பனுக்கு இடது கண் கிடையாது. பத்து வயதில் கரும்புத் தோட்டத்தில் சோகை இலை கிழித்துப் போய்விட்டது என்பார். மிச்சமிருந்த ஒரு கண்ணால் அவர் பார்த்ததை, இரண்டு கண்ணும் கண்ணாடியும் உள்ள நான் வாங்கிப் பார்த்துவிட்டு, "பிளாஷ் வெளிச்சம், வேறொன்றுமில்லை" என்று திருப்பிக் கொடுத்தேன். வருவாய்த் துறையில் துணை வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நான் சொல்லிவிட்டால் தர்மபுரியில் எங்கள் வீட்டில் கோப்பு முடிந்தது. மூன்று வாரம் அது மூடியே கிடந்தது. பிறகு மருமகள் ரேவதி தானாகவே நான்கு படம் எடுத்தாள். நான்கிலும் அந்த வெள்ளை இருந்தது.

பெங்களூருவில் ஒரு கண் மருத்துவமனைக்குப் போனோம். எங்கள் தமிழில் பேசிய ஓசூர்க்கார மருத்துவர் ரெட்டினோபிளாஸ்டோமா (சிறு குழந்தைகளின் விழித்திரையில் வரும் புற்றுநோய்) என்றார். இடது கண் முழுக்கக் கட்டி. வலது கண் அப்போது சுத்தமாக இருந்தது.

"எங்களுக்கு ஒரு வரிசை உண்டு, ஐயா. முதல்ல உயிர். அப்புறம் கண்ணு. பார்வை கடைசி" என்றார் அவர். என் மகன் சரவணன் அந்த வரிசையைத் திரும்பச் சொல்லிப் பார்த்தான். அடுத்த வாரம் இடது கண்ணை எடுத்தார்கள்.

உங்கள் குழந்தைக்கு இப்போதுதான் இதைச் சொல்லியிருக்கிறார்கள் என்றால், அந்த மருத்துவமனை வராந்தாவைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அங்கே எல்லாரும் எல்லாரையும் கணக்கெடுப்பார்கள். உங்களுக்கு ஒரு கண்ணா, இரண்டா? எடுத்தாயிற்றா, லேசர் போதுமென்றார்களா? கோலாரிலிருந்து வந்த ஒரு தகப்பன், தன் மகனுக்கு இரண்டு கண்ணிலும் என்று சொல்லிவிட்டு, எங்களைப் பார்த்த பார்வையை நான் புரிந்துகொண்டேன். லேசரோடு வீடு திரும்பிய ஒரு குடும்பத்தை நானும் அப்படித்தான் பார்த்தேன். வெட்கப்பட வேண்டாம். எல்லாருக்கும் அது வருகிறது.

எனக்கு வந்த பொறாமை கொஞ்சம் வேறு மாதிரி. கட்டுப் பிரித்த அன்று தர்ஷினி யாரிடமும் போகாமல் மாதப்பன் மடியில் ஏறி உட்கார்ந்தாள். அவருடைய மூடிய இமையைத் தொட்டுப் பார்த்தாள். "தாத்தாக்கும் இல்ல" என்றாள். மாதப்பன் சிரித்துக்கொண்டே, "ஆமாங்க அம்மிணி, நமக்கு ரெண்டு பேருக்கும் ஒண்ணு போதும்" என்றார். அந்த மடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கண் இல்லாத ஒரு மனிதரைப் பார்த்து, கண் உள்ளவன் வயிறெரிந்து நிற்க முடியும் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

காப்பீட்டு அட்டை, பரிந்துரைக் கடிதம், எந்தச் சன்னலில் எந்தத் தாள் என்று எல்லாவற்றையும் நான்தான் பார்த்தேன். தர்ஷினிக்கு என் முகத்தைவிட என் பிளாஸ்டிக் கோப்புறை நன்றாகத் தெரியும்.

அடுத்து மரபணு. ஒவ்வொரு உயிரணுவிலும் ஆர்பி ஒன்று என்ற மரபணுவுக்கு (அணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகாமல் தடுப்பது) இரண்டு பிரதிகள் இருக்கின்றன. பத்திரத்துக்கு அசலும் நகலும் போல. ஒன்று கெட்டாலும் மற்றது காப்பாற்றும். விழித்திரையின் ஓர் அணுவில் இரண்டும் கெட்டால் கட்டி. சில குழந்தைகளுக்கு இது அந்த ஒரு கண்ணில் தற்செயலாக நடக்கிறது. சிலருக்கு ஒரு பிரதி பிறக்கும்போதே உடம்பு முழுக்கக் கெட்டிருக்கும். பெற்றோரிடமிருந்து வந்திருக்கலாம். அப்படியானால் இன்னொரு கண்ணுக்கும் ஆபத்து உண்டு, பிற்காலத்தில் உடம்பில் வேறு இடங்களிலும்.

"எங்க வீட்டுல சொந்தத்துல கல்யாணமே கிடையாதும்மா. மூணு தலைமுறையா வெளியிலதான். பரம்பரை வியாதிக்கு வழியே இல்ல" என்றேன், மரபணு ஆலோசகரிடம் (குடும்ப நோய் வரலாற்றைக் கேட்டு விளக்குபவர்). இளம் பெண். பொறுமையாகக் கேட்டாள்.

"சில வியாதிக்குத்தாங்க ரெண்டு பக்கமும் வேணும். இதுக்கு ஒரு பக்கம் போதும். மூணு தலைமுறைக்குக் குடும்ப மரம் ஒண்ணு போடணும்."

தாளை அவளிடமிருந்து நானே வாங்கிக்கொண்டேன். வாரிசுச் சான்றுக்காக இப்படி எத்தனை பட்டியல் போட்டிருப்பேன் என்று கணக்கில்லை. பெயர், உறவு, பிறந்த ஆண்டு. என் பக்கம் பிசிறில்லாமல் வந்தது. மாதப்பன் பக்கம் வந்ததும் அவர் பெயருக்கு எதிரே, "இடது கண் இல்லை. விபத்து எனக் கூறப்படுகிறது" என்று எழுதினேன். கூறப்படுகிறது என்ற சொல்லை எங்கள் துறையில் சும்மா போடுவதில்லை.

வீட்டில் யாரும் வாய்விட்டுக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் ரேவதி அன்றிலிருந்து தலை நிமிர்ந்து சாப்பிடவில்லை. மாதப்பன் மறுபேச்சில்லாமல் பஸ் ஏறி வந்து கண்ணைக் காட்டினார். மருத்துவர் நல்ல கண்ணையும் பார்த்தார், இமைக்குள் சுருங்கிக் கிடந்த இடது கண்ணின் மிச்சத்தை ஸ்கேன் எடுத்தும் பார்த்தார். பழைய காயம்தான், கட்டியின் அடையாளம் எதுவும் இல்லை என்றார். மாதப்பன் கைகூப்பினார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை.

குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்று குறிப்பு எழுதப்பட்டது. பேத்தியின் ரத்தப் பரிசோதனையை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினோம். தள்ளியது நான். வலது கண்ணுக்கு அடுத்த சோதனை இரண்டு மாதம் கழித்து என்று தேதி கொடுத்தார்கள்.

ஒரு மாதம் கழித்து, செயற்கைக் கண் பொருத்துவதற்காக மட்டும் போனோம். காத்திருந்தபோது அந்த ஆலோசகர் நான் போட்ட மரத்தோடு வந்தாள்.

"ஐயா, உங்களுக்கும் உங்க தம்பிக்கும் நடுவுல எட்டு வருஷம் இருக்கு. அக்கா, அண்ணன் எல்லாருக்கும் ரெண்டு ரெண்டு வருஷம்தான். இடையில யாருமே பொறக்கலீங்களா?"

என் மேசைக்கு வரும் மனுவில் அந்த இடைவெளி இருந்திருந்தால் நான் அதை முதல் பார்வையிலேயே வட்டமிட்டிருப்பேன்.

"ஒரு தங்கச்சி இருந்தா. மூணு வயசுல போயிட்டா."

"எழுதலையேங்க?"

"கல்யாணம் ஆகாம, பிள்ளை இல்லாம போனவங்க வாரிசுப் பட்டியல்ல வரமாட்டாங்கம்மா."

"எதுல போனாங்க?"

எனக்கு அப்போது ஏழு வயது. சரசா. அவளைப் பூனைக்கண்ணு பாப்பா என்று கூப்பிடுவார்கள். சாயங்கால வெளிச்சத்தில் ஒரு கண் பளிச்சென்று மின்னும். பிறகு அந்தக் கண் வீங்கி வெளியே தள்ளியது. சேலத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், இரண்டாம் நாளே திரும்பத் தூக்கி வந்தார்கள். இவ்வளவையும் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். சொல்லும்போது தெரிந்தது, எதையும் நான் மறந்திருக்கவில்லை. மறைத்தேன் என்றும் சொல்ல முடியவில்லை. படிவத்தில் அவளுக்கு இடமில்லை, எனக்கு அது வசதியாக இருந்தது. கோளாறு மாதப்பனுடையதாக இருக்க வேண்டும் என்று நான் விரும்பினேன்.

ஆலோசகர் எழுந்து போனாள். அரை மணி நேரத்தில் மருத்துவரே வந்தார். ஒரு மாதம் காத்திருக்க வேண்டாம் என்றார். மறுநாள் காலை மயக்க மருந்து கொடுத்துத் தர்ஷினியின் வலது கண்ணைப் பார்த்தார்கள். ஓரத்தில், மிளகை விடச் சிறியதாக ஒரு கட்டி.

"இன்னைக்குப் பார்த்தது நல்லதாப் போச்சு. இந்த அளவுக்கு லேசரே போதும். ஒரு மாசம் விட்டிருந்தா நான் இப்படிப் பேசியிருக்க முடியாது" என்றார் மருத்துவர்.

அன்று பிற்பகல் எங்கள் பக்கத்தில் எல்லாருடைய கண்ணையும் பார்த்தார். சரவணனுக்கு ஒன்றுமில்லை. என் முறை வந்தது. வெளிச்சத்தை வைத்துக்கொண்டு ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"உங்க வலது கண்ணுல ஒரு பழைய தழும்பு இருக்கு, ஐயா. உங்களுக்கும் சின்ன வயசுல வந்திருக்கு. வந்து, தானாவே நின்னுபோச்சு." அதற்கு ரெட்டினோமா (பெருகாமல் தானே அடங்கிப்போன விழித்திரைக் கட்டி) என்று பெயர். ரத்தப் பரிசோதனை முடிவு வந்தபோது எனக்கும் சரவணனுக்கும் தர்ஷினிக்கும் ஒரே பிழை, ஒரே இடத்தில். அதைச் சுமக்கும் எல்லாருக்கும் நோய் வராது, ஏன் என்று எல்லா நேரமும் சொல்ல முடியாது என்றார் மருத்துவர்.

முடிவைக் கேட்டுக்கொண்டு திரும்பும்போது பஸ்ஸில் மாதப்பன் என் பக்கத்தில் உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன்.

"வுடுங்க சம்பந்தி. இவ்வளவு நாளா எம் பொண்ணு அழுதா, எனக்குச் சோறு எறங்கல. இனிமே கொஞ்ச நாளைக்கு நீங்க அழுவுங்க. மொறைக்கு மொற."

மன்னித்தாரா, குத்தினாரா என்று இன்றுவரை பிடிபடவில்லை. இரண்டுமாக இருக்கலாம்.

லேசர் நான்கு தடவை நடந்தது. கட்டி சுருங்கி வெளிறிய தழும்பாகி நின்றது. தர்ஷினிக்கு இப்போது நான்கு வயது. வலது கண்ணால் பள்ளிக்கூட வேனின் எண்ணைத் தூரத்திலேயே படித்துவிடுகிறாள். உங்களுக்குச் சொல்ல விரும்புவது இவ்வளவுதான்: உங்கள் குடும்ப மரத்தில் இறந்துபோன குழந்தைகளையும் எழுதுங்கள். பெயர் வைக்காமல் போனவர்களையும் எழுதுங்கள். உயிரோடிருப்பவர்கள் எல்லாரும் கண்ணைக் காட்டுங்கள், பார்வை நன்றாக இருந்தாலும்.

தர்ஷினியின் சோதனை நாளில் ஆண்டுக்கொரு முறை என்னையும் பார்க்கிறார்கள். போன மாதம் மாதப்பனும் சேர்ந்து மூவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நர்ஸ் கண் பாவையை விரிக்கும் சொட்டு மருந்தை முதலில் அவளுக்கு விட்டார், பிறகு எனக்கு. தர்ஷினி மாதப்பன் பக்கத்திலிருந்து நகர்ந்து என்னை ஒட்டி உட்கார்ந்தாள்.

"தர்மபுரி தாத்தா, உனக்கும் எரியுதா?"

"எரியுது."

"கண்ண மூடிக்கோ. தொறந்தீன்னா மறுபடியும் ஊத்துவாங்க."

மூடிக்கொண்டேன். அந்தப் பக்கம் மாதப்பன் நர்ஸிடம் பேசுவது கேட்டது. "ஏம்மா, எனக்கும் ரெண்டு சொட்டு ஊத்தக் கூடாதா?"

"உங்களுக்கு எதுக்குங்க? உங்க கண்ணு நல்லாத்தான இருக்கு."

"அதாம்மா எங் கொற" என்றார் அவர்.

சிரிப்புக்காகச் சொன்னதுதான். ஆனால் குரலில் இருந்தது எனக்குப் பழக்கமான சரக்கு. அதை நான் வெகுகாலம் வைத்திருந்தேன். அவருக்காக வருத்தப்பட்டிருக்க வேண்டும். அந்த ஐந்து நிமிடம் நான் வருத்தப்படவில்லை.

தர்ஷினியின் வலது கண் அமைதியாக இருக்கிறது, அடுத்த சோதனை மூன்று மாதம் கழித்து என்றார் மருத்துவர். எங்கள் வீட்டில் இப்போது ஆண்டு என்பதே கிடையாது, மூன்று மாதங்கள்தான் உண்டு. அறுபது வருடத்துக்கு மேல் ஒரு கட்டியின் தழும்பு வழியாகத்தான் நான் உலகத்தைப் பார்த்து, எல்லாத் தாளிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சரசாவுக்கு நிற்காதது எனக்கு நின்றது. எந்த வயதில், எந்த நாளில் என்று யாராலும் சொல்ல முடியாது. என் உடம்பில் நடந்த மிகப் பெரிய காரியம் என்னைக் கேட்காமலே முடிந்துவிட்டிருக்கிறது.

திரும்பும்போது மருந்தின் வேகம் இறங்கவில்லை. சன்னல் வெயில் குத்தியது. நானும் தர்ஷினியும் கண்ணை மூடிக்கொண்டோம். மாதப்பன் சன்னலோரம்.

"தாத்தா, எங்க வந்திருக்கோம்?" என்று அவள் கேட்டாள்.

"கிருஷ்ணகிரி தாண்டியாச்சு, அம்மிணி."

கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் கேட்டாள். அவர் மறுபடியும் சொன்னார். எனக்கும் அதே கேள்விதான். கேட்கக் கௌரவம் விடவில்லை. அவள் கேட்கட்டும் என்று காத்திருந்தேன்.