அப்பா அனுப்பச் சொன்ன படை

எந்தப் போர் என்று சொல்லமாட்டேன். சொன்னால் நீங்களும் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட ஆரம்பித்துவிடுவீர்கள், என் கதை அம்போ என்று நிற்கும். எங்கேயோ தூரத்தில் இரண்டு நாடுகள், டிவியைப் போட்டால் புகை, அவ்வளவு தெரிந்தால் போதும். அந்தப் போரில் எங்கள் அப்பா ஒரு பக்கம் சேர்ந்துவிட்டார், சுங்கை பினாங்கில் எங்கள் ஃபிளாட்டின் சோபாவில் உட்கார்ந்தபடியே.

அப்பா தீவுக்கும் அக்கரைக்கும் ஓடும் ஃபெரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலமெல்லாம் இஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகியவர், வீட்டில் உப்பு கேட்டால்கூட அடுத்த பிளாக்குக்குக் கேட்கும். ஃபிளாட்டுக்குக் கீழே இருக்கும் ரொட்டி சானாய் கடையில் காலை நேரத்தில் அவருக்கென்று ஒரு நாற்காலி உண்டு. எதிர் நாற்காலி பாயுடையது. பாய் சூலியா தெருவில் நாணயம் மாற்றும் கடை வைத்திருக்கிறார். ஃபெரி காலத்திலிருந்து அப்பாவுக்குச் சிநேகிதர். கடை திறக்கப் போகும் வழியில் இங்கே இறங்கி ஒரு தே தாரிக், நுரை பொங்க ஆற்றிய டீ, குடிக்காவிட்டால் அவருக்குப் பொழுது விடிந்த மாதிரி இருக்காது. அப்பா பேசுவார், பாய் குடிப்பார். அப்பாவின் கட்சி ரொம்ப எளிது. அங்கே அநியாயம் நடக்கிறது. ஆகவே நம் நாடும் படை அனுப்ப வேண்டும். சும்மா அறிக்கை விட்டுக்கொண்டு இருக்கக் கூடாது. "அனுப்பணும் லா" என்று மேசையைத் தட்டுவார். பாய் தன் கிளாஸைக் கையில் எடுத்துக்கொள்வார்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு ஒரு வரன் வந்தது.

எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது, பல் கிளினிக்கில் வேலை. எங்கள் சொந்தக்காரர்கள் கணக்கில் இருபத்தொன்பது என்றால் ஐம்பதுக்குப் பக்கம். அதற்கு முன் வந்த இரண்டு பேரையும் நானே வேண்டாம் என்றிருந்தேன். ஒருவர் என் சம்பளத்தைப் பார்க்க வந்தார், இன்னொருவர் வந்ததிலிருந்து தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா இரண்டு தடவையும் கேசரி கிண்டியது வீண். மூன்றாவது வரனை அத்தை கொண்டுவந்தார். மாப்பிள்ளைக்குக் கவர்மெண்டு வேலை என்றார்.

எங்கள் ஆட்களிடம் அந்த வார்த்தை போதும். கவர்மெண்டு என்றால் பென்ஷன் உண்டு, வீட்டுக்கடன் கிடைக்கும், ஆஸ்பத்திரிச் செலவு இல்லை. எந்த இலாகா என்று கேட்பது ஏதோ சந்தேகப்படுவது மாதிரி, மரியாதைக் குறைவு. அத்தை சொல்லவில்லை, நாங்கள் கேட்கவில்லை. சாதகம் பார்த்தோம், நாள் பார்த்தோம், கேசரிக்கு முந்திரி வாங்கினோம்.

நிபோங் திபால் பக்கம் பைராம் தோட்டத்திலிருந்து மாப்பிள்ளையும் அவருடைய அப்பா அம்மாவும் வந்தார்கள். அவருடைய அப்பா செம்பனைக் குலை வெட்டுபவர். வந்தவர்கள் உட்காரக்கூட இல்லை, டிவியில் செய்தி ஆரம்பித்துவிட்டது. போச்சு என்று அம்மா என்னைப் பார்த்தார். அப்பாவுக்குப் புதிதாக ஒரு காது கிடைத்த சந்தோஷம், மடை திறந்தது. நம் ராணுவம் என்ன பொம்மையா, அரசாங்கத்துக்கு முதுகெலும்பு இருந்தால் இந்நேரம் அனுப்பியிருக்க வேண்டாமா, நாலு பேர் போனால்தானே நாலு பேருக்குப் புத்தி வரும். மாப்பிள்ளை முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். அவருடைய அம்மாவுக்குக் கை நடுக்கம் இருந்தது. பேச்சிலிருந்து கண்ணை எடுக்காமலே, ஒரு கையை நீட்டி அந்த அம்மாவின் தேநீர்க் கோப்பைக்கு அடியில் பிடித்துக்கொண்டார். சமையலறை வாசலில் நின்ற நான் அதைப் பார்த்தேன். எனக்குப் பிடித்துவிட்டது, மறைப்பானேன்.

மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் அப்பாவுக்கு மாப்பிள்ளை பார்க்கிற ஞாபகம் வந்தது. "அது சரி தம்பி, கவர்மெண்டுல எந்த டிபார்ட்மெண்ட்?" என்றார்.

"ராணுவம் அங்கிள். மருத்துவப் பிரிவு."

அப்பா ரிமோட்டைத் தேடி எடுத்து டிவியை அணைத்தார். எங்கள் வீட்டில் செய்தி நேரத்தில் டிவி அணைந்தது அன்றைக்குத்தான். பிறகு மழையைப் பற்றியும் தீவுக்கு வரும் பாலத்தில் நெரிசலைப் பற்றியும் கொஞ்ச நேரம் பேசினார்கள். யோசித்துச் சொல்கிறோம் என்று அப்பா லிஃப்ட் வரைக்கும் போய் வழியனுப்பினார்.

திரும்பி வந்து கதவைச் சாத்தினார். அஸ்காருக்கா, பட்டாளத்துக்காரனுக்கா பெண் கொடுப்பது, அத்தைக்குப் புத்தி கெட்டுவிட்டதா என்று ஆரம்பித்தார். நாளைக்கே எங்கேயாவது சண்டைக்கு அனுப்பிவிட்டால் பெண் கதி என்ன என்றார்.

"அனுப்பணும்னு யாருப்பா சொன்னது?" என்றேன்.

அது வேறு, இது வேறு என்றார். கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்த அம்மா, அதிகம் பேசாதவர், தண்ணீர்க் குழாயை மூடிவிட்டுச் சொன்னார்: "ஊரான் வீட்டு நெய்யே, எம் பொண்டாட்டி கையேன்னானாம்." மறுபடியும் குழாயைத் திறந்துகொண்டார். அப்பா சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. முதல்முறையாக ஒருவரைப் பிடித்திருக்கிறது. அவரிடம் ஒரு குறையும் இல்லை. அப்பா தினமும் மேசை தட்டிக் கேட்ட ஆள் அவர்தான் என்பது மட்டுமே குற்றம். அத்தை வேறு கெடு வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்லுங்கள், பட்டர்வொர்த்தில் ஒரு வீட்டில் மாப்பிள்ளையைக் கேட்கிறார்கள் என்றார். நான் அப்பாவோடு பேசுவதை நிறுத்தினேன். அவரும் வீம்புக்குப் பேசவில்லை. பேசாத அப்பா இருந்தால் வீடு எவ்வளவு பெரிதாகிவிடுகிறது என்று அந்த வாரம் தெரிந்துகொண்டேன்.

சனிக்கிழமை காலை அம்மாவுக்கு ரொட்டி வாங்கக் கீழே போனேன். அப்பா எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். பாயிடம் வழக்கு நடந்துகொண்டிருந்தது. தனக்கு அறுபத்துமூன்று வயது, முட்டி தேய்ந்துவிட்டது, துப்பாக்கி தூக்க முடியாது, அதற்காக நியாயம் பேசக் கூடாதா என்று கேட்டார். வீடு தீப்பிடித்தால் தீயணைக்கிற பொம்பாவைக் கூப்பிடுகிறோம், நாமா ஏணி ஏறி அணைக்கிறோம் என்று கேட்டார். சொல்லப்போனால் நல்ல கேள்விதான்.

பாய் தே தாரிக்கை முடித்துக் கிளாஸைக் கீழே வைத்தார். "நீ சொல்றது சரிதான். நீ ஏணி ஏற வேணாம். ஆனா பொம்பாக்காரன் உன் வீட்டு வாசல்ல வந்து நின்னா, நெருப்புல போறவன், நீ வேணாம்னு கதவச் சாத்துனியே. அது எந்த நியாயம்?"

சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்பா பாதி ரொட்டியைத் தட்டில் அப்படியே விட்டு எழுந்தார். என்னைப் பார்த்ததும் திடுக்கிடவில்லை. காரை எடு என்றார், அவ்வளவுதான்.

மாப்பிள்ளை வீட்டுக்குப் பெண் போகும் வழக்கம் இல்லை. ஆனால் அப்பாவுக்கு முட்டி வலி, பாலத்தில் ஓட்டுவதென்றால் அதைவிடப் பயம். ஃபெரிக்காரருக்குப் பாலம் என்றைக்குமே ஆகாது. ஆகவே நான்தான் டிரைவர். பைராம் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி வேலியோரமாகக் காரை நிறுத்தச் சொல்லி, மாப்பிள்ளைக்குப் போன் போட்டார். அவர் மோட்டார் சைக்கிளில் வந்து, காருக்குள் என்னைப் பார்த்து, தலையைக் குனிந்துகொண்டு அப்பாவோடு மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தார். ஜன்னலை நான் ஏற்றவில்லை. எதற்கு ஏற்ற வேண்டும், என் வாழ்க்கையைப் பற்றித்தானே பேசப்போகிறார்கள்.

அப்பா சுற்றி வளைக்கவில்லை. "தம்பி, போர் வேணும்னு சொல்றவன் பட்டாளத்துல சேந்தாகணுமா? நீ அஸ்கார், நீ சொல்லு."

அவர் சிரித்தார். அப்படி ஒரு சட்டம் போட்டால் எங்கள் முகாமில் படுக்க இடம் இருக்காது என்றார். அப்பா சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"சேரணும்னு இல்ல அங்கிள். எனக்குப் புடிச்சுச் சேந்தேன், சம்பளம் வாங்குறேன், அனுப்புனா போவேன். நீங்க பேசுறது தப்பு இல்ல. ஒண்ணுதான். அனுப்பணும்னு சொல்றப்ப, போறவன் உங்க வீட்டு ஆளுன்னு நெனச்சுப் பாருங்க. அப்பவும் சரின்னு தோணுச்சுன்னா தைரியமாச் சொல்லுங்க."

தோட்டத்து மோட்டார் சைக்கிள்கள் போய்க்கொண்டிருந்தன. அப்பா முட்டியைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு எங்கள் அப்பாவின் வாயிலிருந்து வரும் என்று நான் நினைத்தே பார்க்காத குரலில், பக்கத்து ஆளுக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினார். நான் காதைத் தீட்டிக்கொண்டுதான் கேட்க வேண்டியிருந்தது.

"எம் பொண்ணுக்கு உன்னைப் புடிச்சிருக்கு. எனக்குப் பயமா இருக்கு. அந்தப் பயம் போகாது லா. பயத்தோடயே குடுக்குறேன்."

"சரிங்க மாமா" என்றார் அவர்.

கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினேன், முழங்கை ஹார்னில் பட்டு ஊரே கேட்க அலறியது. இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். என் நிச்சயதார்த்தத்துக்கு வாசித்த மேளம் அதுதான்.

இப்போது யோசித்தால் அப்பாவுக்கு இரண்டு சுலபமான வழிகள் இருந்தன. போரே தப்பு என்று மறுநாளே கட்சி மாறியிருக்கலாம். மீசையில் மண் ஒட்டியிருக்காது. அல்லது கீழே மேசையைத் தட்டிக்கொண்டு மேலே கதவைச் சாத்தியிருக்கலாம். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் வாழ்கிறார்கள், ஒன்றும் குடி முழுகிவிடவில்லை. அப்பா இரண்டையும் செய்யவில்லை. படை அனுப்ப வேண்டும் என்று அவர் சொன்னது சரியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சொன்ன சொல்லுக்குப் பக்கத்தில் தன் பெண்ணைக் கொண்டுபோய் நிறுத்தினார். அந்தப் பெண் நான். எனக்குக் கிடைத்த நல்ல மனிதரும் நல்ல வாழ்வும் அதனால் வந்தவை. நேரில் சொன்னால் போடி என்பார், அதனால் இங்கே சொல்லிக்கொள்கிறேன்: நன்றி அப்பா.

போர்கள் ஓயவில்லை. இந்த வருடம் அப்படி ஒரு போரின் எல்லையில் மருத்துவ முகாம் போட நம் நாட்டிலிருந்து ஒரு குழு போனது. அதில் என் கணவரும் போனார். எங்கள் மகளுக்கு அப்போதுதான் இரண்டு வயது முடிந்திருந்தது. அவர் கிளம்பிய மறுநாள் காலை, நான் வேலைக்குப் போகப் பரபரத்துக்கொண்டிருக்கையில், அப்பா கையில் ஒரு பையோடு வாசலில் நின்றார். வேட்டி, தைலம், முட்டிக்குக் கட்டும் பட்டி எல்லாம் அந்தப் பையில் இருந்தன. என்னப்பா என்றேன்.

"அவன் வேலைய அவன் பாக்கப் போயிருக்கான். இங்க அவன் செய்யுற வேலைய நான் செய்யுறேன். துப்பாக்கிதான தூக்க முடியாது, பிள்ளையத் தூக்கலாம்ல" என்று செருப்பைக் கழற்றினார்.

அன்றிலிருந்து பேத்தியைக் குளிப்பாட்டுவது, பால் கரைப்பது, பாசாருக்குப் போய்க் காய்கறி வாங்குவது எல்லாம் அவர்தான். தலை பின்னுவது மட்டும் இன்னும் சரியாக வரவில்லை. பிள்ளை காக்கைக்கூடு மாதிரித் தலையோடு திரிகிறாள். செய்தி நேரத்தில் டிவி முன்னால் உட்காருவார், சத்தமில்லாமல். என் கணவர் போனில் கூப்பிட்டால், சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டுப் போனைப் பேத்தியின் காதில் வைத்துவிடுவார்.

போன வாரம் பாய் என்னிடம் ஒன்று சொன்னார். அதே ரொட்டி சானாய் கடையில் அப்பா பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு ரொட்டி பிய்த்து ஊட்டிக்கொண்டிருந்தாராம். பக்கத்து மேசையில் டை கட்டிய ஒருவர், ஆபீசுக்குப் போகிறவர், மருந்து கொடுக்க மட்டும் ஆள் அனுப்பினால் போதுமா, சண்டை போடப் படை அனுப்ப வேண்டாமா என்று மேசையைத் தட்டினாராம். பாய் பழக்க தோஷத்தில் கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டாராம். அப்பா பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டு மெதுவாகத் திரும்பினாராம்.

"அனுப்பலாம் தம்பி, தப்பில்ல. உங்க வீட்ல கல்யாண வயசுல பொண்ணு இருக்கா?"