தமிழில் கேட்டால் சோறு

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு சட்டம் உண்டு. எது வேண்டுமானாலும் தமிழில் கேட்க வேண்டும். இங்கிலிஷில் கேட்டால் சோற்றுச் சட்டி நகராது. சட்டம் போட்டவர் என் கணவர். "தமிழில கேள், சோறு வரும்" என்பார். ரொறன்ரோவின் டோர்செட் பார்க் மாடி வீட்டில் பிறந்து வளர்ந்த மகள் அதனால்தான் நல்ல தமிழ் கதைக்கிறாள். அந்தப் பெருமையைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது.

போன கோடையில் யாழ்ப்பாணம் போகிற வழியில், மகள் அடம்பிடித்ததால் அநுராதபுரத்தில் இறங்கினோம். அரசர்கள் ஆண்ட நகரம். இப்போது இடிந்த சுவர்களும் கூரையில்லாத கல்தூண்களும்தான். பெரிய வெள்ளைப் பௌத்த தூபி மட்டும் முழுதாக நின்றது. செருப்பைக் கழற்றிவிட்டுப் போனோம், கல் சுட்டது. வெள்ளை உடுத்த சனங்கள் தாமரைப் பூவோடு தூபியைச் சுற்றி வந்தார்கள்.

"அப்பா, உவையும் எங்கட கோயில்ல மாதிரித்தானே சுத்துகினம்!" என்றாள் மகள், உரத்த குரலில்.

"ஸ்பீக் இங்கிலிஷ்" என்றார் அவர், மெதுவாக.

பகிடி என்று நினைத்து அவள் சிரித்தாள். "அப்ப எனக்குச் சோறு இல்லையோ?"

அவர் அவள் கையை இறுக்கிப் பிடித்தார். அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

பக்கத்தில் நின்ற வயதான சிங்கள அம்மா ஒருவர் மகளிடம் ஒரு தாமரையைக் கொடுத்து, "நீங்க எந்த ஊரு?" என்று உடைந்த தமிழில் கேட்டார்.

"கனடா" என்றார் என் கணவர். "நோ தமிழ்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. வாடகை வான் வண்டியில் ஏறியதும் கிழி கிழியென்று கிழிக்க இருந்தேன். நான் வாயைத் திறக்குமுன் அவரே சொன்னார். சிறுவயதில் கொழும்பு ரயில் இந்த ஊரில் நிற்கும்போதெல்லாம், தமிழ் கேட்டால் அடி விழும் என்ற பயத்தில், புறப்படும்வரை தகப்பன் அவர் வாயைக் கையால் பொத்திப் பிடிப்பாராம்.

"நான் யோசிக்க முதலே வாய் மாறீட்டுது" என்றார்.

பின் சீட்டில் மகள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தாள். "அவளுக்கும் சொல்லுங்கோ" என்றேன். "பிறகு சொல்லுறன்" என்றார். சொல்லவேயில்லை. நான் சொல்ல வெளிக்கிட்டபோதும் வேண்டாம் என்று தடுத்துவிட்டார்.

ரொறன்ரோவுக்குத் திரும்பிய முதல் ஞாயிறு, மேசையில் மகள் அவர் முகத்தை நேராகப் பார்த்து, "கேன் ஐ ஹாவ் த ரைஸ்?" என்றாள்.

அவருடைய வழக்கமான வசனம் வரும், வரவேண்டும் என்று நான் காத்திருந்தேன்.

அவர் சோற்றுச் சட்டியைத் தூக்கி அவள் பக்கம் வைத்தார்.