வாடகை நாய்கள்

மும்பை வடாலாவில் நாங்கள் வீடு பதிவு செய்திருந்த கட்டடம் பாதி எழும்பியிருந்தபோதுதான் அந்த நாய்களைப் பார்த்தேன். இரும்புக் குழாயில் சங்கிலி போட்டுக் கட்டிய இரண்டு நாய்கள். கம்பியும் சிமெண்டும் திருடு போகாமல் இருக்க, கட்டுமானக் கம்பெனி ஒரு ஏஜென்சியிடம் அவற்றை வாடகைக்கு எடுத்திருந்தது. மே மாத வெயில். தண்ணீர் வாளி சங்கிலிக்கு எட்டாத இடத்தில் இருந்தது. ஒன்றுக்குக் கழுத்துப் பட்டை அறுத்துப் புண்ணாகி ஈ மொய்த்தது.

விற்பனை அலுவலக மேனேஜர் தாராவியில் வளர்ந்த திருநெல்வேலிக்காரர். நாங்களும் அந்தப் பக்கம்தான் என்பதால், பதிவு செய்த அன்று அக்கா அக்கா என்று உருகியவர். நாய்களைப் பற்றிச் சொன்னதும் முகம் மாறியது.

“ஒங்களுக்கு வீடு வேணுமா, நாய் வேணுமாக்கா?”

“தண்ணி வைக்கச் சொல்லுதேன். புண்ணுக்கு மருந்து போடச் சொல்லுதேன்.”

“அது ஏஜென்சிக்காரன் வேலை. நீங்க கிச்சன் டைல்ஸ் பாத்தியளா? அதப் பாருங்க.”

ஒரு கம்பை எடுத்து வாளியை நாய்களின் பக்கம் தள்ளிவிட்டு, படம் எடுத்துக்கொண்டு சுனாபட்டியில் நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்குத் திரும்பினேன்.

வீடு வாங்கியவர்களின் வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டு, எல்லோரும் சேர்ந்து கம்பெனியைத் தட்டிக் கேட்போம் என்று எழுதினேன். வேலை தாமதமானால் நீ பொறுப்பா என்று ஒருவர் கேட்டார். நாய்களை உன் வீட்டில் கொண்டுபோய்க் கட்டிக்கொள் என்றார் இன்னொருவர். மறுநாள் என்னைக் குழுவிலிருந்தே நீக்கிவிட்டார்கள்.

“நாளைக்கு இவங்க கூடத்தான இருக்கணும்? எதுக்கு இந்தச் சண்டை, ஜக்டா?” என்றார் என் கணவர். அவரிடமும் எரிந்து விழுந்தேன்.

குழுவில் இருந்த இரண்டு பெண்கள் மட்டும் தனியாக என்னை அழைத்தார்கள். ஒருவர் மாட்டுங்காவில் இருக்கும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. மற்றவர் மராத்திக்காரர், கல்லூரியில் பாடம் நடத்துபவர். அதே கம்பெனியின் அடுத்த கட்டடத்துக்குப் பதிவு தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை, அந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு வாங்கிக்கொண்டு மூவரும் விற்பனை அலுவலக வாசலில் நின்றோம். வந்தவர்களிடமெல்லாம், பின்பக்கம் போய் நாய்களைப் பார்த்துவிட்டு வந்து கையெழுத்துப் போடுங்கள் என்றோம். போய்ப் பார்த்த சில குடும்பங்கள் அப்படியே வண்டியேறிப் போய்விட்டன.

மேனேஜர் ஓடி வந்தார். மற்றவர்களுக்குப் புரியக் கூடாதென்று தமிழில் திட்டினார்.

“பைத்தியம் பிடிச்சிருக்கா ஒங்களுக்கு? ஒரு நாய்க்காக எங்க பொழப்புல மண்ணள்ளிப் போடுதிய?”

எல்லோருக்கும் புரியட்டும் என்று நான் இந்தியில் பதில் சொன்னேன். அவர் என்னைப் பைத்தியம் என்றதையும் சேர்த்துச் சொன்னேன். வரிசையில் நின்ற ஒரு பெரியவர், பெண்பிள்ளைகளிடம் இப்படித்தான் பேசுவீர்களா என்று அவரைப் பிடித்துக்கொண்டார். மேனேஜர் போலீஸைக் கூப்பிடுவதாக மிரட்டினார். கூப்பிடுங்கள் என்றோம். கூப்பிடவில்லை.

அடுத்த மூன்று ஞாயிறும் நின்றோம். அதன்பின் கம்பெனியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது: எங்கள் இடங்களில் இனி நாய்களைக் காவலுக்கு வைக்க மாட்டோம், கேமரா பொருத்துகிறோம். என்னை விரட்டிய அதே குழுவில், நம் பில்டருக்கு எவ்வளவு நல்ல மனது என்று பாராட்டிக்கொண்டார்களாம். வீட்டுக்கு வந்த புதிய விளம்பரத் தாளில் புல்வெளியில் படுத்திருக்கும் நாயின் படம். உயிர்களை நேசிக்கும் நிறுவனம் என்று கீழே போட்டிருந்தார்கள். அதைக் கிழித்துக் குப்பையில் போட்டேன்.

நாய்கள் என்ன ஆயின என்று ஏஜென்சிக்குப் போன் செய்தேன். உல்லாஸ்நகரில் ஒரு துணி கோடவுனுக்குக் கொடுத்தாயிற்று என்றான். மராத்திக்காரரும் நானும் ரயிலேறிப் போனோம். கேட்டில் ஒரு நாய்தான் கட்டியிருந்தது, அதே சங்கிலியில். கழுத்தில் புண் இருந்த நாயைக் காணவில்லை. எங்கே என்று கேட்டதும் காவலாளி கேட்டை இழுத்துச் சாத்தினான்.

அந்தக் கோடவுனிலிருந்து எந்தெந்தக் கடைகளுக்குப் படுக்கை விரிப்புகள் போகின்றன என்று இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.