அழுகாத சரக்கு

என் அத்தை ரத்தினம்மாளை ஏமாற்றுவது லேசுப்பட்ட காரியமில்லை. குன்னத்துக்கு வெங்காயம் வாங்க வரும் வியாபாரிகளைக் கேட்டால் தெரியும். மாமா போனபின் மானாவாரி நிலத்தைத் தனியாளாகப் பார்த்தவர். பிடுங்கிய வெங்காயத்தை உடனே விற்கமாட்டார். வயலோரம் காற்றாடப் படல் கட்டி, பட்டறை போட்டு அடைத்துவைத்து, தினமும் உள்ளே கையை விட்டுப் பார்ப்பார். சூடு தட்டினால் அழுகுகிறது என்று அர்த்தம். தட்டவில்லையென்றால் விலை ஏறும்வரை அசையமாட்டார். அப்படிக் காத்திருந்து காத்திருந்துதான் கிணறு வெட்டப் பணம் சேர்த்திருந்தார். வானத்தைப் பார்த்தே பாதி ஆயுள் போய்விட்டது, ஒரு கிணறு போதும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்தில் அந்த ஆசைக்குள் என் அப்பா முருகையன் மூக்கை நுழைத்தார். அத்தைக்கு அவர் தம்பி. அரியலூரில் ஒரு ஆபீஸில் கிளார்க். அங்கே எல்லாருக்கும் அப்போது ஷேர் பைத்தியம். கம்ப்யூட்டர் செய்யும் புதுக் கம்பெனி ஷேர் விற்கிறது, போட்டது இரட்டிப்பாகும் என்று வந்து நின்றார். கம்ப்யூட்டரை அவரும் பார்த்ததில்லை. அதற்கெல்லாம் அசருகிற ஆளா அவர்!

"முழுவிப் போச்சுன்னா யாருடா பொறுப்பு?" என்றார் அத்தை.

"எல்லாத்துலயும்தான் ரிஸ்க் இருக்குக்கா. உன் வெங்காயத்துல இல்லையா?"

"வெங்காயத்துல நான் கைய வுட்டுப் பாக்குறேன். இதுல எங்க கைய வுட்டுப் பாக்குறது?"

நியாயமான கேள்வி. அதனால் திருச்சிக்கு அந்தப் பக்கம் இருந்த கம்பெனிக்கே அக்காவை பஸ்ஸில் அழைத்துப் போனார். பணம் போட வந்தவர்கள் என்றதும் மேனேஜர் குடோனையே திறந்து காட்டினார். தரையிலிருந்து கூரைவரை அட்டைப்பெட்டிகள். எல்லாம் கம்ப்யூட்டர்.

அத்தை சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வெற்றிலைக்குத் தடவியது போக விரலில் மிஞ்சிய சுண்ணாம்பை, பழக்கதோஷத்தில், கதவோரப் பெட்டியின் மூலையில் இழுவிவிட்டுக் கேட்டார்.

"இது அழுவுமா தம்பி?"

மேனேஜர் சிரித்துவிட்டார். "கம்ப்யூட்டர் எப்படிம்மா அழுகும்? பத்து வருஷம் ஆனாலும் அப்படியே இருக்கும்."

அந்த ஒரு பதிலில் அத்தை விழுந்தார். நிறைந்த பட்டறை, அழுகாத சரக்கு, விலை ஏறும்வரை வைத்திருக்கலாம். இதைவிட ஒரு வெங்காயக்காரிக்கு என்ன வேண்டும்? திரும்பும் பஸ்ஸிலேயே "போட்டுடு" என்றார். கிணற்றுப் பணம் மொத்தமும் போயிற்று.

இரண்டு வருஷம் ஆகியும் லாபம் என்று ஒரு காசு வரவில்லை. ஷேரை விற்கலாமென்றால் வாங்க ஆளில்லை என்றார் அப்பா, தரையைப் பார்த்துக்கொண்டு. அந்த வருஷம் மழையும் ஏமாற்றியது. வெங்காயம் நிலத்திலேயே காய்ந்தது. பக்கத்து வயலில் கிணறு இருந்தது, பயிர் பச்சையாக நின்றது. "வாடா, நேர்ல போயிக் கேப்போம்" என்று அத்தையே கிளம்பினார்.

மேனேஜர் இருந்தார், பழைய சிரிப்பு இல்லை. குடோனைத் திறக்கச் சொன்னார் அத்தை. திறந்ததும் அப்பாவுக்குப் போன உயிர் வந்தது. கூரை முட்டப் பெட்டிகள் அப்படியே இருந்தன.

"பாத்தியாக்கா, சரக்கு பத்திரமா இருக்கு!"

கதவோரம் குனிந்த அத்தை நிமிரவேயில்லை. மயக்கமோ என்று பதறி அப்பா தோளைப் பிடித்தார். முதல் பெட்டியின் மூலையில், அன்றைக்கு அவர் இழுவிய சுண்ணாம்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. ஒரு பெட்டிகூட நகரவில்லை.

"அப்ப... அன்னைக்கே விக்காமத்தான் கெடந்துச்சா?" என்றார் அத்தை.

"இதைவிட நல்லதா, வெலை கம்மியா வேற கம்ப்யூட்டர் வந்துடுச்சும்மா. இதை இனிமே சும்மா குடுத்தாக்கூட யாரும் வாங்கமாட்டாங்க" என்றார் மேனேஜர்.

அத்தை பெட்டிமேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். சில்லென்றிருந்தது.

"சூடே தட்டலையே முருகையா" என்றார். "சூடே தட்டாம அழுவிப் போச்சே."