அரை மில்லிமீட்டர் சண்டை

அப்பா இறந்த கையோடு தொழிற்சாலையின் நடுவே சுவர் எழும்பியது. இந்தப் பக்கம் தம்பி கழிவுநீர்க் குழாய் செய்தார். அந்தப் பக்கம் அண்ணன் அதை வளைவுகளில் இணைக்கும் எல்போ செய்தார். சண்டை எதற்கென்றால், வார்ப்பிரும்பை விட்டுப் பிளாஸ்டிக்குக்கு மாறுவதா வேண்டாமா என்று. பிறகு இருவருமே இரும்பைத் தலைமுழுகிவிட்டார்கள். சண்டையை மட்டும் விடவில்லை. சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம்.

அப்பா கெட்டிக்காரர். மண் குழாய் சுட்ட காலத்திலேயே வேறு யாரிடமும் இல்லாத ஓர் அளவை வைத்துவிட்டுப் போயிருந்தார். அவர்கள் குழாய்க்கு அவர்கள் எல்போதான் ஏறும். ஒருமுறை வாங்கியவன் வேறு கடைக்குப் போக முடியாது. அந்தத் தந்திரத்தில் பெற்ற பிள்ளைகளும் மாட்டிக்கொண்டார்கள். முகம் பார்க்காமல் இருக்கலாம், அளவு பார்க்காமல் இருக்க முடியுமா? தினமும் காலையில் தம்பி ஒரு சாண் குழாயை வெட்டி, இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஃபோர்மேனிடம் கொடுத்தனுப்புவார். அண்ணன் அதில் ஒரு எல்போவை மாட்டித் திருப்பி அனுப்புவார். பொருந்தினால் இரண்டு பக்கமும் இயந்திரம் ஓடும். அவர்களுக்குள் பேச்சுவார்த்தை என்றால் அது ஒன்றுதான்.

மனைவி இருந்தவரை தம்பிக்கு அந்தச் சுவர் உறுத்தவில்லை. அவள் போன பிறகு வீடு வெறிச்சோடிவிட்டது. மகள் வேறு தேசத்தில். "சாப்டீங்களாப்பா?" என்று போனில் கேட்பாள்; "ஆச்சும்மா" என்பார். அடுப்படியில் நின்றபடியே பாத்திரத்திலிருந்து அள்ளிச் சாப்பிடுவதைச் சொல்வதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வாய்க்கு வேலையே இருக்காது. திங்களன்று பேசும் முதல் வார்த்தை கரகரவென்று வரும். அவரை 'டேய்' என்று கூப்பிட உலகத்தில் மிச்சமிருக்கும் ஒரே ஆள் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தார். வந்தால் போதும். திட்டவாவது வரட்டும்.

தானே போய்ப் பேசியிருக்கலாமே என்றால், அதற்கு வேறு குடும்பத்தில் பிறந்திருக்க வேண்டும். அதனால் ஒரு வேலை செய்தார். குழாயின் வெளிவிட்டம் அரை மில்லிமீட்டர் கூடும்படி இயந்திரத்தை மாற்றி வைத்தார். இனி எல்போ ஏறாது. அளவு விஷயத்தில் அண்ணனுக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். நேரில் வந்து நறுக்கென்று நாலு வார்த்தை கேட்காமல் விடமாட்டார்.

துண்டைக் கொடுத்தனுப்பிவிட்டு, இரண்டாவது நாற்காலியில் குவிந்திருந்த பழைய சாம்பிள்களை இறக்கித் துடைத்தார். இரண்டு டீ சொன்னார். அண்ணன் என்ன திட்டுவார், தான் என்ன சொல்வது என்று மெல்ல முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டார். டீ ஆறியது. அன்று துண்டு திரும்பவில்லை, மறுநாளும் இல்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டபோதெல்லாம் எழுந்து நின்றார். தபால்காரருக்குக்கூட அந்த மரியாதை கிடைத்தது.

ஒரு வழியாக ஃபோர்மேன் அந்தத் துண்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். எல்போ கச்சிதமாக ஏறியிருந்தது.

"இது எப்படி ஏறுச்சு?"

"அச்சை மாத்திட்டாங்க சின்னவரே. புதுசா வெட்டிப் போட்டிருக்காங்க."

"அண்ணன் ஒண்ணும் சொல்லலையா?"

ஃபோர்மேன் தரையைப் பார்த்தார். "தம்பிக்குக் கண்ணு மங்கிடுச்சு போல, கேட்டா சங்கடப்படுவான், யாரும் அவன்கிட்ட இதைப் பத்திப் பேசக் கூடாதுன்னாரு."

இத்தனை காலத்துக்குப் பிறகும் அண்ணன் தன்னை விட்டுக்கொடுக்கவில்லை. அதனாலேயே இனி வரப்போவதும் இல்லை. இரண்டும் அவருக்கு ஒன்றாகவே புரிந்தன. உண்மையைச் சொல்லி அனுப்பலாம். அண்ணனின் அந்தக் கரிசனத்தை எந்த முகத்தோடு பொய்யாக்குவது? பழைய அளவுக்குத் திருப்பினாலோ அவர் வெட்டிய அச்சு வீணாகிவிடும்.

"மிஷினை எந்த அளவுல ஓட்டட்டும்?" என்றார் ஃபோர்மேன்.

"இதே அளவுல ஓட்டுங்க," என்றார். "கண்ணு சரியா தெரியலைதான்."